வலை நூல் கேட்டவர்களுக்கு மோட்டார் படகு

1

இன்று காலை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கிரேக்கப் பெண்மணி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். எலெனி என்று பெயர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். கையில் அலுவலக நடைமுறைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"இதில் ஒரு விதி இருக்கிறது. மனு எந்த மொழியில் வந்தாலும் அதன் அசலையும் முழு மொழிபெயர்ப்பையும் கடைசி வரை கோப்போடு அனுப்ப வேண்டுமாம். ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் அனுப்பக் கூடாதாம். தமிழில் இருக்கிற கடிதத்தைக் கமிட்டியில் யார் படிக்கப் போகிறார்கள்? இது எதற்கு?" என்று கேட்டார்.

"முன்பு ஒரு தவறு நடந்தது. அதற்குப் பிறகு வந்த விதி," என்றேன்.

"யார் செய்த தவறு?"

"ஒரு மொழிபெயர்ப்பாளர்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மொழிபெயர்ப்பாளன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலையில் டிராமில் வீடு திரும்பும்போது அதுவே மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் மறைத்ததை ஊர்க்காரர்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்பார். தூத்துக்குடிக்காரன். அப்பா கடலுக்குப் போனவர். நான் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகி, பிறகு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் எழுத்தர் வேலை பார்த்து, யுத்தம் முடிந்தபோது லண்டனில் இறங்கினேன். உலக நாடுகள் கூடிப் புதிதாக ஒரு சபை அமைத்து, யுத்தத்தில் நொந்த ஜனங்களுக்கு உதவி செய்ய ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. இங்கிலீஷும் தமிழும் சிங்களமும் தெரிந்த குமாஸ்தா என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஜெனீவாவில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு மேஜை இருக்கிறது. மனைவி செலினும் மகள் பிலோவும் என்னோடு இருக்கிறார்கள்.

2

இங்கே வாழ்க்கையில் பாதி, காகிதம் வாங்குவதிலும் காகிதம் காட்டுவதிலும் போகிறது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கச் சில மாதத்துக்கு ஒருமுறை போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம் தேசத்துக்குச் சுதந்திரம் வந்த பிறகு ஒரு தடவை போனேன். அங்கிருந்த அதிகாரி என் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கொடுத்த சர்க்கார் இப்போது அங்கே இல்லையே," என்றார். அவர் சொன்னது சரிதான். புதுப் பாஸ்போர்ட் வரும் வரை, நான் இன்னார் என்று எங்கள் அலுவலகம் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

அதே அதிகாரி என் தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்று கேட்டார். என் அரைகுறை பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பிலோ முகம் சிவந்து என்னைத் திருத்தினாள். அந்த மொழியில் முதல் எழுத்தைக் கொஞ்சம் அகலமாகச் சொன்னால் மீன் பிடிக்கிறவர் என்று அர்த்தம். வாயை ஒடுக்கிச் சொன்னால் பாவி என்று அர்த்தம். நான் என் அப்பாவைப் பாவி என்று சர்க்கார் பதிவில் எழுதவைக்கப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் பிலோ, "பப்பா, இனிமே நீங்க பேசாதீங்க. நான் பேசுறேன்," என்றாள். ஒன்பது வயதுக் குழந்தை. தமிழில்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தமிழுக்குள் பிரெஞ்சு ராகம் வந்துவிட்டது. வீட்டில் செலின் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்கிறேன். ஒரு தடவை செலின் சாப்பாட்டு மேஜையில் கேட்டேவிட்டாள்: "அவ சொன்னதை அப்படியே சொல்லுதீங்களா, நீங்களா மாத்திச் சொல்லுதீங்களா?"

பிலோ ஏதோ மரியாதைக் குறைவாகச் சொல்லியிருந்தாள். நான் அதை மென்மையாக்கித்தான் சொல்லியிருந்தேன்.

3

யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்துக்கெல்லாம் ஒரு நாள் தபால் பகுதியிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். யாராலும் படிக்க முடியாத எழுத்து என்று அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால் தமிழ். "உலக சபையார் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்திருந்தது. பெரியதாழையிலிருந்து வந்திருந்தது.

பெரியதாழை தூத்துக்குடிக்குத் தெற்கே ரொம்ப தூரம் தள்ளி, மணலும் அலையுமாக இருக்கிற மீனவக் கிராமம். ஊரின் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைநாட்டு. யுத்த காலத்தில் நூலுக்குக் கண்ட்ரோல் வந்ததிலிருந்து வலை பின்னப் பருத்தி நூல் கிடைக்கவில்லை, இருக்கிற வலையெல்லாம் மக்கிவிட்டது, யுத்தத்தில் கஷ்டப்பட்ட மீனவர்களுக்குச் சபையார் உதவுவதாகப் பங்குச்சாமியார் பத்திரிகையில் படித்துச் சொன்னார் என்று எழுதியிருந்தது. கடைசிப் பகுதி இன்னும் எனக்கு மனப்பாடம்:

"எங்களுக்குக் கடல் இருக்கிறது. கட்டுமரம் இருக்கிறது. ஆள் இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம். வலை நூல் மட்டும் வேண்டும்."

கைநாட்டுகளுக்குப் பக்கத்தில் வாத்தியார் பெயர்களை எழுதியிருந்தார். முதல் பெயர், சந்தியாகு மனைவி அந்தோணியம்மாள்.

அந்தோணியம்மாளை எனக்குத் தெரியும். நான் இருபது வயதில் முதல் வேலையாகப் போனது முத்துக்குளிப்பு நடந்த இடத்துக்கு. தூத்துக்குடிக் கடற்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு பருவம் முழுக்கச் சர்க்கார் மேற்பார்வையில் சிப்பி எடுத்தார்கள். காலையில் வள்ளங்கள் போகும். பிற்பகலில் சிப்பியோடு வரும். சிப்பிக் குவியலை ஏலம் எடுக்கக் காயல்பட்டினத்து வியாபாரிகள் வெள்ளைத் தொப்பியோடு நிற்பார்கள். அழுகுகிற சிப்பியின் நாற்றமும் ஈயும் சொல்லி முடியாது. நான் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து எந்த வள்ளம் எத்தனை சிப்பி என்று எழுதுவேன்.

சந்தியாகு முத்துக்குளிக்கிறவர். அந்தோணியம்மாள் கரையில் பொரித்த மீனும் கஞ்சியும் விற்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒரு நாள் சந்தியாகுவுக்குக் காதில் ரத்தம் வந்துவிட்டது. அவரைச் சில நாள் கடலுக்கு அனுப்பாமல் இருக்கத் துரைக்கு மனு எழுதித் தரும்படி அவள் என்னிடம் வந்தாள். நான் எனக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷையில் வேகமாக எழுதி நீட்டினேன்.

"வாசிச்சுக் காட்டு தம்பி," என்றாள்.

இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். "மேற்படி சந்தியாகுவை வேலையிலிருந்து விடுவித்து..."

"நிறுத்து. விடுவிச்சுன்னா?"

"வேலையை விட்டு அனுப்புறது."

"ஏலே, நான் மூணு நாளுதானலே கேட்டேன்! வேலையை விட்டு அனுப்பிட்டா நாங்க எங்கன போவோம்? நான் கேட்டதை எழுது. நீயா ஒண்ணு எழுதாத."

காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டாள். நான் மறுபடி எழுதினேன். மறுபடி வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் கிடைத்தது. நாலாம் நாள் சந்தியாகு காதில் எண்ணெய்த் துணி வைத்துக்கொண்டு கடலுக்குப் போனார். பின்னால் ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்தான் இப்போது கைநாட்டுப் போட்டிருக்கிறாள். அன்றைக்கே சொந்தச் செலவில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "அக்கா, கொட்டகையில் மனு எழுதின கஸ்பார் நான்தான். உங்கள் கடிதம் தெய்வாதீனமாக என் கைக்கே வந்திருக்கிறது. கவலைப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்." அவ்வளவு உறுதி கொடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. இருந்தாலும் கொடுத்தேன்.

4

என் மேலதிகாரி ஹெல்கா அம்மையார். நார்வேக்காரர். அவருடைய ஊரும் கடற்கரைதான். ஜெர்மானியர்கள் பிடித்து, பின்வாங்கும்போது கொளுத்திவிட்டுப் போன கரை. அந்தக் கரைக்குச் சபையின் நிவாரணப் பகுதி வலையும் நூலும் அனுப்பிக்கொண்டிருந்தது. பெரியதாழைக் கடிதத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். அதில் முதல் கேள்வி: அந்தப் பிரதேசம் எதிரியின் பிடியில் இருந்ததா?

"இல்லை," என்றேன்.

"அப்படியானால் நிவாரணம் கிடையாது. விதி அப்படி." படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் தேசமும் இந்த நிதிக்குப் பங்கு கொடுக்கிறது. அந்தப் பங்கிலிருந்து என் ஊர் மீனவனுக்கு நூல் போகிறது. உங்கள் ஊர் மீனவனுக்குப் போகாது. இந்த விதியை எழுதியவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, கஸ்பார். அவசரத்தில் எழுதினார்கள். தங்கள் கண்ணுக்குத் தெரிந்த கஷ்டத்தை மட்டும் வைத்து எழுதினார்கள்."

அவர் சும்மா இருக்கவில்லை. சபையில் அப்போது இன்னொரு பகுதி ஆரம்பித்திருந்தார்கள். பின்தங்கிய நாடுகளின் அபிவிருத்திக்கு என்று. அதற்கு எதிரி பிடித்த கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் அங்கே பொருள் கேட்க முடியாது. "திட்டம்" கேட்க வேண்டும். அதிலும் மனு மாகாணத் தலைநகருக்குப் போய், அங்கிருந்து டில்லிக்குப் போய், டில்லி வழியாக வர வேண்டும். ஹெல்கா பல மாதம் கடிதம் எழுதி, ஆட்களைப் பார்த்து, கமிட்டியில் வாதாடி, கரையோர மக்களின் மனுவை எங்கள் அலுவலகமே எடுத்துச் சர்க்காருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டார். அதுவே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"இனி உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கரை உங்களுக்குத் தெரியும். இதைத் திட்டமாக எழுதுங்கள்," என்றார்.

எழுதினேன். ஒரு வாரம் வீட்டிலும் அதுவே வேலை. கட்டுமரத்தின் குறைகள், மோட்டார் படகின் அனுகூலங்கள், ஐஸ் தொழிற்சாலை, பயிற்சி நிலையம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. செலின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கடற்கரைக்காரி, மணப்பாடு.

"இங்க பாருங்க, அவங்க நூல்தான கேட்டாங்க?" என்றாள்.

"நூலும் இருக்கு. கடைசியில் இருக்கு. வெறும் நூல்னு கேட்டா இவங்க கண்ணுக்கே தெரியாது. பெருசா கேட்டாத்தான் நூலாவது கிடைக்கும்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்களேன்."

"கடிதம் போய் வர மாசக்கணக்கு ஆகும், செலின். அதுக்குள்ள கமிட்டி முடிஞ்சிடும்."

இது பொய் இல்லை. கமிட்டிக்கு உண்மையாகவே கெடு இருந்தது. ஆனால் அது மட்டும் காரணம் என்று இப்போது நான் சொல்லத் தயாராக இல்லை. அந்தப் பெரிய கட்டடத்தில், மெத்தப் படித்தவர்களுக்கு நடுவில், நூல் நூல் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

திட்டம் பல பக்கம் வந்தது. கமிட்டி உறுப்பினர்களுக்கு ஒரே பக்கச் சுருக்கம் போதும் என்று வழக்கம். சுருக்கத்தையும் நானே டைப் செய்தேன். பக்கத்தின் அடியில் இரண்டு வரி அதிகமாகிவிட்டது. "வலைக்கான பருத்தி நூல் உடனடித் தேவை" என்ற வரிகள்தான் அவை. இன்னொரு தாள் எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அந்த வரிகளை விட்டுவிட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. ஹெல்கா மூலத்தைத் தேடிப் பார்க்கவும் இல்லை. என்னை நம்பினார்.

கமிட்டியில் எல்லோரும் கை தூக்கினார்கள். ஹெல்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று நான் செலினுக்கும் பிலோவுக்கும் கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

5

அந்தச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து நிபுணர் ஒருவரை அனுப்பினார்கள். படகு கட்டுவதில் கெட்டிக்காரர், நல்ல மனிதர். அவர் போய் வந்த பிறகு எனக்குப் பெரியதாழையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாத்தியார் எழுத்துத்தான். ஆனால் இந்தத் தடவை மேலே ஒரு குறிப்பு இருந்தது: "அந்தோணியம்மாள் சொன்னதைச் சொன்னபடியே எழுதும்படி கட்டாயப்படுத்தியதால் அப்படியே எழுதுகிறேன்." அதன் கீழே:

"கஸ்பார் தம்பிக்கு. சபையிலேருந்து ஒரு வெள்ளைக்காரரு வந்தாரு. ஜீப்புல ஆத்தூர் வழியா வந்தாரு. கூட மெட்ராஸ் ஆபீசரு ஒருத்தரு. நல்ல மனுசந்தான், எங்க பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்தாரு. நாங்க மக்கிப்போன வலையையெல்லாம் மணல்ல விரிச்சுக் காட்டுனோம். அவரு குனிஞ்சு தொட்டுப் பார்த்தாரு. அவரு கையிலேயே பிஞ்சு வந்துட்டு. நூல் எப்ப வரும்னு கேட்டோம். அவரு காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, நூலைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லங்காரு. நாங்க கேட்டதே நூல்தானேன்னோம். இல்ல, நீங்க கேட்டது மோட்டார் போட்டுன்னு சொல்லுதாரு. யாரு தம்பி கேட்டா? நான் கேட்டனா? எங்க கரையில அலை அடிக்கிற அடிக்கு மோட்டார் போட்டை எங்கன நிறுத்த? கட்டுமரம்னா அவுத்து மணல்ல இழுத்துப் போட்டுருவோம். அதையும் அவருகிட்ட சொன்னோம். அவரு ஒத்துக்கிட்டாரு. அதனால போட்டும் ஐசும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் தோதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நீ பார்த்துக்கிடுதேன்னு எழுதுனதை நம்பி ரெண்டு வருசமா இங்கன யாரும் ஊரை விட்டுப் போகல. இப்ப போறாவ."

அலுவலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஏரிக்கரையில் நின்றேன்.

வீட்டுக்குப் போய்க் கடிதத்தை செலினிடம் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். அன்றைக்கு நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த அம்மாகிட்ட நெசத்தைச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க துரைசானிகிட்டச் சொல்லுங்க," என்றாள்.

6

மறுநாள் ஹெல்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு வரிகளைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து கோப்பை எடுத்துவந்து, சுருக்கத்தையும் என் முதல் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல் மொழிபெயர்ப்பை நான் படித்திருந்தேன். நூல் என்று எனக்குத் தெரியும். சுருக்கத்தில் அது இல்லை என்று நான் கவனித்திருக்க வேண்டும். திட்டம் அழகாக இருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்," என்றார்.

உடனே நிவாரணப் பகுதிக்குப் போன் செய்தார். மிச்சம் இருந்த நூலில் கொஞ்சமாவது இந்தியாவுக்கு அனுப்ப வழி உண்டா என்று கேட்டார். அந்தப் பகுதியை மூடிக்கொண்டிருந்தார்கள். சரக்கெல்லாம் முன்பே பங்கு பிரித்துப் போய்விட்டது.

பிறகு அவர் ஒரு தீர்மானம் தயாரித்தார். அதில் இரண்டே விதிகள். ஒன்று, மனுவின் அசலும் முழு மொழிபெயர்ப்பும் கடைசி வரை கோப்போடு போக வேண்டும். இரண்டு, மனுவைத் திட்டமாக மாற்றினால், மாற்றியதை மனுக் கொடுத்தவர்களின் மொழியில் அவர்களுக்கே வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே கமிட்டிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது விதிக்கு நான் சொன்ன முத்துக்குளிப்புக் கொட்டகைக் கதைதான் காரணம்.

கமிட்டி கூடியபோது என்னையும் அறைக்குள் வரச் சொன்னார். குமாஸ்தாக்கள் அங்கே பேசுவதில்லை. ஒரு பிரதிநிதி, "ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் நாம் எப்போது உதவி செய்வது?" என்றார். இன்னொருவர், "அந்த மக்களுக்கு எது நல்லது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம் அல்லவா? மோட்டார் படகு வேண்டும் என்று எழுதிய அந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவேளை தொலைநோக்கு உள்ளவரோ என்னவோ," என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஹெல்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அந்த மொழிபெயர்ப்பாளன் நான். எனக்குத் தொலைநோக்கு ஒன்றும் இல்லை. நூல் என்று எழுத வெட்கப்பட்டேன். பக்கத்தில் இடமில்லை என்று அதை விட்டுவிட்டேன். மோட்டார் படகு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது நூல்," என்றேன்.

அங்கே ஒவ்வொருவரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவரவர் மொழியில் கேட்பார்கள். நான் முடித்த பிறகும் சற்று நேரம் சிலர் அசையாமல் இருந்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மொழிபெயர்க்கிற ஒரு பெண் குரல் என் வார்த்தைகளைப் பிரெஞ்சில் சொல்லி முடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு சொல்லையும் விடவில்லை. என் காதுக் கருவியில் எனக்கு அது கேட்டது.

முதல் விதி நிறைவேறியது. இரண்டாவதில், வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்கு முன்னால் "இயன்றவரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்து நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த மனுக்களில் அது பெரும்பாலும் இயலவில்லை. காலம் போதவில்லை, ஆள் போதவில்லை என்று குறிப்பு எழுதிவிடுகிறார்கள். முதல் விதியை மட்டும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். அதைத்தான் எலெனி அம்மாள் வந்து கேட்டார்.

7

அந்தோணியம்மாளுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். இரண்டு வரியை நானே விட்டது வரை எழுதினேன். விதி மாறியதையும் எழுதினேன். கடைசியில் என்னை மன்னித்ததாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன்.

அத்தோடு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. இங்கே ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. செலினும் நானும் அங்கே போய், சேர்த்து வைத்திருந்ததில் வலை நூல் வாங்கினோம். வெள்ளை வெளேர் என்று பட்டுப் போல இருந்தது. கட்டிக் கொடுக்கப் பிலோவும் உதவி செய்தாள். யாருக்கு என்று கேட்டாள். பெரியதாழையில் ஒரு அத்தை என்றேன். அவளுக்குப் பெரியதாழை என்று சொல்ல நாக்கு வரவில்லை. மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, பார்சலின் மேல் நான் எழுதியதைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தடவினாள். தபால் ஆபீசில் அதற்கும் இரண்டு படிவம் நிரப்பினோம்.

பதில் வர நாளானது. வந்த பதில் இது:

"தம்பிக்கு. உன் கடுதாசியை வாத்தியாரு ரெண்டு தரம் வாசிச்சாரு. நீ ஒளிக்காம எழுதுனது சந்தோசம். சட்டத்தை மாத்துனியாமே, நல்ல காரியம், இனிமே கேக்குறவங்களுக்கு ஆகும். மன்னிச்சேன்னு எழுதச் சொல்லியிருக்க. அதை இப்ப எழுத எனக்கு வரல. எங்க தெருவில பாதி வீடு பூட்டிக் கிடக்கு. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனவங்க போயிட்டாவ, கொழும்புக்குப் போனவங்க போயிட்டாவ. என் மவனும் கொழும்புலதான் மூட்டை தூக்குதான். வரும்போது வரட்டும்.

நீ அனுப்புன நூல் வந்துச்சு. இருக்கிற நாலு வீட்டு ஆளும் சேர்ந்து அதுல ஒரு வலை பின்னுனோம். நூல் நல்லா அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கடலுக்கு அந்த முறுக்கு பத்தாது. நாலு தரம் போட்டோம், அஞ்சாந் தரம் அறுந்துட்டு. நீ எங்க தண்ணியிலே வளந்த பிள்ளை, உனக்குத் தெரியாததா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்லா தம்பி."

செலின் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் அவளிடம் ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

நேற்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய சிறிய கடிதம் அதுதான். "அக்கா, எந்த நூல்? எத்தனை பிரி? எவ்வளவு முறுக்கு வேண்டும்? நீங்கள் சொல்லுகிற வரைக்கும் நான் எதுவும் வாங்க மாட்டேன்."